முதல் சோதனை யார் உடலில்?

(அம்பாங் பெச்சாவில் ஒளிப்பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக இங்கே எழுத்து வடிவில்.)



ஒரு சின்னக் கேள்வியோடு தொடங்குகிறேன். தோட்டத்தில் புல்லைச் சாகடிக்க அடிக்கிறோமே, அதற்கு என்ன பெயர்? மலாய்க்காரர்களைக் கேளுங்கள், "ராச்சுன்" என்பார்கள். ராச்சுன் என்றால் விஷம். புட்டியிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கும், மண்டை ஓட்டுப் படத்தோடு. நம்மைக் கேட்டால் என்ன சொல்வோம்? "மருந்து" என்போம். புல்லு மருந்து, பூச்சி மருந்து, மருந்து வேலை, மருந்தடிக்கிற பொம்பளை. காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, லாலான் புல்லைக் கருக்குவதும் மருந்து!

இந்த ஒரு சொல்லுக்குள் நம் தோட்டப்புறத்துக் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு வகை மருந்துக்கும் பொதுவான ஒரு கேள்வி உண்டு. இது மனித உடலுக்குள் போனால் என்ன செய்யும்? அதை யாரிடம் சோதித்துத் தெரிந்துகொள்வது? இன்று நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

அம்மாவின் நகங்கள்

நான் விஞ்ஞானி இல்லை. தொடர்புத்துறையில் டிப்ளோமா முடித்து, ஒலிவாங்கி பிடித்துப் பிழைப்பவள். ஆனால் மருந்தடித்த ஒரு தாயின் மகள். கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் என் அம்மா பதினைந்து ஆண்டுகள் மருந்து வேலை செய்தார். விடியுமுன்னே பெரட்டு. பெயர் கூப்பிட்டதும் பம்பை முதுகில் ஏற்றிக்கொண்டு செம்பனைக் காட்டுக்குள் போய்விடுவார். பம்பு நிறைந்திருந்தால் ஏறக்குறைய 18 கிலோ. மூடி சரியாக இருக்காது. நடக்க நடக்க முதுகில் வழியும்.

வீட்டுக்கு வந்தால் எங்களைத் தொடவிட மாட்டார். "பாப்பா, கிட்ட வராத, அம்மா மேல மருந்து" என்பார். குளித்த பிறகுதான் தூக்குவார். அந்தச் சட்டையை மட்டும் தனியாக, வீட்டுக்குப் பின்னால் துவைப்பார்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். அம்மாவின் கைவிரல் நகங்கள் முதலில் நிறம் மாறின. பிறகு ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. மூக்கில் ரத்தம் வந்தது. தோட்ட கிளினிக் டிரெஸர் ஊதா நிறத்தில் ஏதோ தடவிவிட்டு, அட்டையில் "தோல் நோய்" என்று எழுதினார். அம்மாவோடு மருந்தடித்த மற்ற பெண்களும் அதையேதான் சொன்னார்கள். அவர்கள் அட்டையிலும் தோல் நோய்தான்.

டிப்ளோமா படித்தபோது ஒரு பாடத்திட்டத்துக்காக அந்தத் தோட்டத்துக்கே போய், மருந்து வேலையால் யாராவது நோயுற்ற பதிவு இருக்கிறதா என்று கேட்டேன். அலுவலகத்தில் இருந்தவர் ஏட்டைப் புரட்டினார். "அப்படி ஒன்றும் இல்லையே" என்றார். உண்மைதான். ஏட்டில் இல்லை. ஆகவே அது நடக்கவில்லை!

பதினெட்டு ஆண்டுகள்

அந்தக் காலத்தில் நம் தோட்டங்களில் அதிகம் அடிக்கப்பட்ட புல்லு மருந்துகளில் ஒன்று பாராகுவாட். 1962இல் உலகச் சந்தைக்கு வந்தது. பட்ட இடத்தில் பச்சை கருகிவிடும், மரத்தின் வேருக்கு ஒன்றும் ஆகாது. எனவே தோட்ட நிர்வாகங்களுக்கு அது ஒரு வரப்பிரசாதம். ஆனால் ஒரு வாய் விழுங்கினால் போதும், சிறுநீரகம் செயலிழக்கும். நுரையீரல் நாளுக்கு நாள் தழும்பேறி இறுகும். மாற்று மருந்து கிடையாது. இந்த விஷத்தால் மனிதர்கள் இறந்த செய்தி 1966ஆம் ஆண்டிலேயே மருத்துவ ஏடுகளில் வந்துவிட்டது.

2002ஆம் ஆண்டில் தெனாகனித்தா அமைப்பு, பினாங்கில் இயங்கும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பு ஒன்றோடு சேர்ந்து, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. விஷமூட்டி வாயையும் அடைத்துவிட்டார்கள் என்ற பொருளில் அமைந்தது அதன் தலைப்பு. அமரர் ஐரின் பெர்னாண்டஸ் தலைமையில் அந்த அமைப்பு கொடுத்த குரலை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக நம் நாட்டில் அறிவிப்பு வந்தது.

தோட்டப்புறம் பெருமூச்சு விட்டது. ஆனால் 2006இல் அந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. சொன்ன காரணம், இன்னும் ஆய்வு தேவை. முழுத் தடை நடப்புக்கு வந்தது எப்போது தெரியுமா? 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2002இல் ஆபத்து என்று ஒப்புக்கொண்டதை விலக்கப் பதினெட்டு ஆண்டுகள். 2002இல் பிறந்த குழந்தை அதற்குள் எஸ்.பி.எம். எழுதி முடித்துவிட்டது.

ஆய்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆய்வு முடியும்வரை பம்பு யார் முதுகில் இருந்தது என்றுதான் கேட்கிறேன்.

எலி வேறு, நாம் வேறு

இங்கே மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். "இன்னும் ஆய்வு தேவை" என்ற வாதத்துக்குப் பின்னால் ஓர் உண்மையான சிக்கல் இருந்தது. ஒரு ரசாயனத்தை எலிக்கும் நாய்க்கும் கொடுத்துப் பார்ப்பார்கள். அங்கே தெரிந்தது மனிதனுக்கும் பொருந்துமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மனிதனுக்குக் கொடுத்துச் சோதிக்கவும் முடியாது.

1982இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் திடீரென்று சிலைபோல் உறைந்துபோனார்கள். முதுமையில் வரும் பார்க்கின்சன் நோயின் அறிகுறிகள் இளம் வயதில்! வில்லியம் லாங்ஸ்டன் என்ற மருத்துவர் துப்புத் துலக்கினார். அவர்கள் ஊசியில் ஏற்றிக்கொண்ட கள்ளப் போதைப்பொருளில் எம்.பி.டி.பி. என்ற அசுத்தம் கலந்திருந்தது. அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. எலி தாங்கிக்கொண்டதை மனித மூளை தாங்கவில்லை. இன்னொரு செய்தி கேளுங்கள். அந்த எம்.பி.டி.பி. மூளைக்குள் போய் மாறும் நச்சுப் பொருளின் அமைப்பு, பாராகுவாட்டின் அமைப்பை ஒத்திருக்கிறது.

குடிக்கிற மருந்திலும் இதே கதைதான். 1993இல் கல்லீரல் அழற்சிக்கு, அதாவது ஹெபடைடிஸ் பி நோய்க்கு, பியாலுரிடின் என்ற புதிய மருந்தை அமெரிக்காவில் 15 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். விலங்குகளிடம் அதற்கு முன் செய்த சோதனையில் இப்படிப்பட்ட ஆபத்து புலப்படவில்லை. ஆனால் மனிதர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். இரண்டு பேர் கல்லீரல் மாற்று அறுவையால் உயிர் பிழைத்தார்கள்.

கடுகளவு சிறுநீரகம்

எலியும் வேண்டாம், மனிதனும் வேண்டாம், இடையில் வேறு வழி உண்டா? உண்டு. அதன் பெயர் ஆர்கனாய்டு. நாம் சிற்றுறுப்பு என்று வைத்துக்கொள்வோம்.

2006இல் எலியிலும், 2007இல் மனிதனிலும், ஜப்பானின் ஷின்யா யாமனாகா ஓர் அதிசயம் செய்து காட்டினார். வளர்ந்து முடிந்த ஒரு தோல் உயிரணுவை எடுத்து, நான்கு மரபணுக்களின் உதவியால் கருவில் இருந்த நிலைக்கே திருப்பினார். அப்படித் திரும்பிய உயிரணுவை எந்த உறுப்பின் உயிரணுவாகவும் வளர்க்கலாம். 2012இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதற்கிடையில் 2009இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர், எலிக்குடலின் ஒரே ஒரு குருத்தணுவிலிருந்து ஒரு குட்டிக் குடலையே தட்டில் வளர்த்தார்கள். பிறகு கல்லீரல், மூளை, சிறுநீரகம் என்று வரிசையாக வந்தன.

இவை முழு உறுப்புகள் அல்ல. கடுகளவு, மிஞ்சினால் பயறளவு. ஆனால் உள்ளே இருப்பது மனித உயிரணு. நம் உறுப்பில் எப்படி அடுக்கடுக்காக அமைந்திருக்குமோ ஏறக்குறைய அப்படியே அமைந்துகொள்ளும். 2015இல் ஆஸ்திரேலியாவில் மெலிசா லிட்டில் குழுவினர் இப்படி வளர்த்த சிறுநீரகத்தில், சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தை விட்டுப் பார்த்தார்கள். அந்த மருந்து நோயாளிகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது மருத்துவர்களுக்குத் தெரியும். தட்டில் இருந்த சிற்றுறுப்பிலும் அதே பகுதியின் உயிரணுக்கள் செத்தன.

2021இல் இன்னும் பெரிய சோதனை வெளிவந்தது. தக்கானோரி தக்கேபே குழுவினர், சந்தைக்கு வந்த 238 மருந்துகளை மனிதக் கல்லீரல் சிற்றுறுப்பில் விட்டுப் பார்த்தார்கள். கெடுதல் செய்பவற்றில் நூற்றுக்கு 88.7ஐயும், கெடுதல் இல்லாதவற்றில் நூற்றுக்கு 88.9ஐயும் அது சரியாக அடையாளம் காட்டியது. பத்துக்கு ஒன்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தூபா வேரின் கதை

நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். ஆற்றில் மீனை மயக்க, "ஆக்கார் தூபா" என்ற வேரை இடித்துக் கலக்கும் பழக்கம் இந்த மண்ணில் உண்டு. அந்த வேரிலுள்ள நஞ்சுக்கு ரொட்டினோன் என்று பெயர். பின்னாளில் அதுவே பூச்சி மருந்தாகவும் விற்கப்பட்டது. வேரிலிருந்து வந்தது, இயற்கையானது, ஆகவே கெடுதல் இல்லை என்றுகூட நம்பியவர்கள் உண்டு.

2011இல் அமெரிக்க விவசாயிகளிடம் நடந்த ஓர் ஆய்வு, ரொட்டினோனையும் பாராகுவாட்டையும் புழங்கியவர்களுக்குப் பார்க்கின்சன் நோய் ஏறக்குறைய இரண்டரை மடங்கு அதிகமாகக் காணப்பட்டதாகச் சொன்னது. 2018இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனித உயிரணுவில் வளர்த்த சின்னஞ்சிறு மூளை உருண்டைகளில் ரொட்டினோனை விட்டுப் பார்த்தார்கள். பார்க்கின்சன் நோயில் அழிவது டோபமின் சுரக்கும் நரம்பணுக்கள். மற்ற அணுக்கள் தாக்குப்பிடித்த குறைந்த அளவிலேயே இந்த அணுக்கள் பாதிக்கப்பட்டன.

பாராகுவாட்டுக்கும் பார்க்கின்சனுக்கும் தொடர்பு இல்லை என்று தயாரிப்பாளர்கள் மறுக்கிறார்கள். அமெரிக்க நீதிமன்றங்களில் ஆயிரக்கணக்கான வழக்குகள் தொடரப்பட்டன. தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. ஆனால் இப்படிப்பட்ட வழக்கில், "மனித அணுவில் பார்க்க வழியில்லையே" என்று இனி யாரும் கைவிரிக்க முடியாது. அந்த ஒரு சாக்கு போய்விட்டது. நான் இன்று சொல்ல வந்ததன் சாரம் இதுதான்.

சட்டமும் அசைந்து கொடுக்கிறது. அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டுச் சட்டம், புதிய மருந்துகளை விலங்குகளிடம் சோதிக்க வழிவகுத்தது. 2022 டிசம்பரில் கையெழுத்தான திருத்தம் அந்தக் கட்டாயத்தை நீக்கி, மனித உயிரணுச் சோதனைகளையும் ஏற்றது. 2023இல் இந்தியாவும் தன் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, சிற்றுறுப்புகளுக்கு இடம் கொடுத்தது.

எல்லாம் தீர்ந்துவிட்டதா?

இல்லை, நேயர்களே. அவசரப்பட்டுக் கைதட்ட வேண்டாம்.

முதலாவது, இந்தச் சிற்றுறுப்புகள் பெரும்பாலும் கருவிலிருக்கும் பிள்ளையின் உறுப்பைப் போன்ற இளசானவை. ரத்த ஓட்டம் இல்லை. தோல் வழியாக நுழைந்து, ரத்தத்தில் கலந்து, கல்லீரலில் உருமாறி, சிறுநீரகத்துக்குப் போகும் முழுப் பயணத்தை ஒரு தட்டில் காட்ட முடியாது. பதினைந்து ஆண்டுகள் தினந்தோறும் முதுகில் வழிந்ததைச் சில வாரச் சோதனை முழுமையாகச் சொல்லிவிடாது.

இரண்டாவது, விலங்குகளை அடியோடு விட்டுவிட்டோம் என்பதும் சரியல்ல. சிற்றுறுப்புகளை வளர்க்கப் பரவலாகப் பயன்படும் ஒருவகைக் களி, எலியின் புற்றுக்கட்டியிலிருந்தே எடுக்கப்படுகிறது.

மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். யாருடைய உயிரணு? ஆய்வகங்களில் இருக்கும் உயிரணுக்களில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினர் கொடுத்தவை. ஒரே பொருள் எல்லார் உடலிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது என்பது நம் நாட்டுத் தாய்மார்களுக்குத் தெரிந்த செய்தி. பிள்ளை பிறந்ததும் ஜி6பி.டி. குறைபாடு இருக்கிறதா என்று தொப்புள்கொடி ரத்தத்தில் பார்க்கிறார்கள் அல்லவா? இருந்தால், "வீட்டில் அந்துருண்டை வைக்காதீர்கள்" என்று தாதி சொல்லி அனுப்புவார். அண்ணன் பிள்ளைக்கு ஒன்றும் செய்யாத அந்துருண்டை, தம்பி பிள்ளையின் ரத்த அணுக்களைச் சிதைத்துவிடும். அப்படியிருக்க, ஆய்வகத் தட்டில் நம் மக்களின் உயிரணு இல்லை என்றால் அந்தச் சோதனை நமக்கு எவ்வளவு பேசும்? கேட்க வேண்டிய கேள்வி. கொடுப்பவரின் சம்மதத்தோடு, அவர் புரிந்துகொள்ளும் மொழியில் விளக்கிச் சொல்லிப் பெற வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

"நாங்க சொன்னோமே"

இந்த உரைக்குத் தயார் செய்தபோது அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். இப்போது அவர் இந்த அம்பாங் பெச்சாவில் என் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார். கடுகளவு சிறுநீரகம், அதில் மருந்தை விட்டுப் பார்ப்பார்கள் என்றேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அதுக்கு வலிச்சா அது சொல்லுமா பாப்பா?" என்றார்.

"சொல்லாதும்மா. பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்துக் கண்டுபிடிப்பாங்க" என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாங்க சொன்னோமே" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. வாய் இல்லாத ஒரு கடுகின் வலியைத் தேடிப் பார்க்கக் கருவி செய்த உலகம், வாயிருந்த பெண்கள் சொன்னதைத் தோல் நோய் என்று எழுதி மூடிவிட்டது. பாராகுவாட் விஷயத்தில் அறிவியல் முற்றிலும் இல்லாமல் போகவில்லை. காது கொடுக்கும் மனம்தான் இல்லாமல் போனது. புதிய கருவி வந்தாலும், அதன் பதிலை ஏட்டில் எழுத ஆள் வேண்டும்.

ஆகவே மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். ஒன்று, 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் புதிய மருந்தைப் பதிவு செய்ய வருகிறவர்களிடம் மனித உயிரணுச் சோதனை முடிவையும் கேளுங்கள். மூலப்பொருளை மட்டும் அல்ல, தோட்டத்தில் எதை எதோடு கலந்து அடிக்கிறோமோ அந்தக் கலவையையே சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டு, சந்தேகம் வந்த மருந்தை, ஆய்வு முடியும்வரை அடிக்காதீர்கள். அடித்துக்கொண்டே ஆய்வு செய்தால், ஆய்வுக்கூடம் தொழிலாளியின் உடல்தான். மூன்று, மருந்தடிப்பவர் கிளினிக்குக்கு வந்தால், என்ன மருந்து அடித்தார், எத்தனை நாள் அடித்தார் என்று அட்டையில் எழுதுங்கள். ஆய்வகத்துக்கு முன்பே கிடைக்கும் ஆதாரம் அதுதான்.

பாராகுவாட் போய்விட்டது, நம் பிள்ளைகளும் படித்து வெளியே வந்துவிட்டார்கள், இனி நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். பம்பு கீழே இறங்கவில்லை. இன்று அது இந்தோனேசியரின் முதுகிலும் வங்காளதேசியின் முதுகிலும் இருக்கிறது. புட்டியில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாதவரும் அவர்களில் இருப்பார். நம் அம்மாக்கள் பட்டதை நாம் மறந்தால், அதையே அவர்களும் படுவார்கள்.

நாம் கூடியிருக்கும் இந்த ஊரின் பெயரை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அம்பாங் என்றால் அணை, பெச்சா என்றால் உடைந்தது. 1883ஆம் ஆண்டு இங்கிருந்த அணை உடைந்து, பழைய கோலக்குபு நகரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மாவட்ட அதிகாரி செசில் ரேங்கிங் உட்படப் பலர் இறந்தார்கள். உடைந்த பிறகு ஊருக்குப் பெயர் வைத்தோம். உடையும் முன்னே கசிவைப் பார்த்துச் சொல்கிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். தோட்டத்தில் அவர்கள் நகம் விழுந்த கைகளோடு நின்றார்கள். இனியாவது, அவர்கள் சொல்வதை முதல் நாளே எழுதிக்கொள்வோம்.